வண்டி வரும் வரை: கிராமத் தீயணைப்புத் தொண்டர் குழுவும் நம் கடைகளும்

தீப்பிடித்தால் 101-க்குப் போன் செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். 112-க்குச் செய்தாலும் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் போன் செய்ததற்கும் வண்டி வந்து நிற்பதற்கும் நடுவே உள்ள நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. அந்த நேரத்தைப் பற்றியும், அதற்கென்று கிராமங்களில் தொண்டர் குழு அமைப்பது பற்றியும், அதில் மளிகைக் கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் என்ன வேலை என்பது பற்றியும் உறுப்பினர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன்.

திருமங்கலத்தில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. உசிலம்பட்டியில் இருக்கிறது, தி.கல்லுப்பட்டியிலும் இருக்கிறது. ஆனால் நம்மிடம் சரக்கு எடுக்கும் கடைகளில் பாதிக்கு மேல் இந்த ஊர்களிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருப்பவை. கிராமப்புறத்தில் தகவல் கிடைத்து 20 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 20 நிமிடம். எண்ணெய், சாக்கு, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் கவர், கற்பூரம், தீப்பெட்டி பண்டல் எல்லாம் பத்துக்குப் பத்து அறையில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் 20 நிமிடத்துக்குப் பிறகு அணைப்பதற்கு என்ன மிஞ்சும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்புத் துறையினரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தூரம் தூரம்தான்.

2019-ஆம் ஆண்டு பங்குனியில், என்னிடம் பல வருடங்களாகச் சரக்கு எடுத்து வந்த ஒரு கிராமத்துக் கடைக்காரர் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போன் செய்தார். “அண்ணாச்சி, கடை போச்சு” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மறுநாள் நேரில் போய்ப் பலரிடமும் விசாரித்தேன். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர் உருகிப் பற்றியிருக்கிறது. முதலில் பார்த்தபோது ஒரு முழ உயரத் தீதான். கடையில் இருந்த பையனுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. தீ நகர்ந்து எண்ணெய் டின்கள் பக்கம் வந்தது. அக்கம்பக்கத்தார் நல்ல எண்ணத்தில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது எண்ணெய்க்கு அடியில் போய், அந்தக் கணமே ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலா பக்கமும் வாரி இறைக்கும். பக்கத்துத் தையல்காரர் மகன், பதினேழு வயதுப் பையன், இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. நான்கு மாதம் வைத்தியம் பார்த்தார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தவர், “அம்மன் கோயில் பக்கத்துல கடை தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க” என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெயரில் மேல, கீழ என்று இரண்டு ஊர் உண்டு. எது என்று கேட்க அவர்கள் திரும்ப அழைத்தபோது இவர் எடுக்கவில்லை, வாளி தூக்கிக்கொண்டிருந்தார். வண்டி மற்ற ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. வந்த இடத்தில் தெருவை அடைத்து ஒரு காதணி விழாப் பந்தல். அதைப் பிரித்து வண்டி உள்ளே வருவதற்குள் ஓடு சரிந்துவிட்டது.

அந்தக் கடைக்காரர் பெயரில் என் பேரேட்டில் நின்ற பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம். அவருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஏதோ தர்ம காரியம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் ஒவ்வொருவருடைய பணமும் இன்றைக்கு ஏதோ ஒரு கிராமத்துக் கடையின் அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நம் கிராமங்களுக்குத் தீயணைப்பு புதிய விஷயம் அல்ல. வீடெல்லாம் கூரை வீடாக இருந்த காலத்தில் ஊரே தீயணைப்புப் படைதான். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரு கூரையில் பொறி விழுந்தால், நாலு பேர் அந்த வீட்டை விட்டுவிட்டு காற்று வீசும் பக்கத்துக் கூரையின் மேல் ஏறுவார்கள். தொரட்டி போட்டுக் கூரையைப் பிரித்துத் தள்ளுவார்கள், அல்லது சாக்கை நனைத்து விரிப்பார்கள். கிணற்றிலிருந்து பெண்கள் வரிசையாக நின்று குடம் கை மாற்றுவார்கள். எரிகிறது எரியட்டும், அடுத்தது பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பு நடத்திச் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறகு வீடுகள் காங்கிரீட் ஆயின, கிணறுகள் வற்றிப் போயின, பழக்கமும் போய்விட்டது. வீட்டுக்குள் வந்து சேர்ந்த கேஸ், கரண்ட், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குக் கூரையைப் பிரிக்கும் அறிவு போதாது. பழையதை மறந்துவிட்டோம், புதியதைக் கற்கவில்லை.

வெளிநாடுகளில் இந்தத் தொண்டர் முறையைத் தொடங்கியவர்களில் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், அப்போது அச்சுக்கூடம் வைத்துத் தொழில் செய்தவர், தன் ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புக் கூட்டம் அமைத்தார். ஒவ்வொரு உறுப்பினரும் தோல் வாளிகளும், சாமான்களை அள்ளிப் போட்டு வெளியேற்றப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம். அந்த அபராதப் பணத்தில் ஏணியும் சாமான்களும் வாங்கினார்கள். அதே பிராங்க்ளின் 1752-இல் தீ இன்ஷூரன்ஸ் சங்கமும் தொடங்கக் காரணமாக இருந்தார். தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் 1850 டிசம்பரில் பெருந்தீ. அடுத்த ஆண்டே அங்கு தொண்டர் படை அமைந்தது. இன்று வரை சிலியில் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்குவதில்லை, உறுப்பினர் சந்தாவும் அவர்களே கட்டுகிறார்கள். ஜப்பானில் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கடை, வயல், கம்பெனி என்று தங்கள் வேலையில் இருப்பவர்கள், மணி அடித்தால் ஓடுகிறார்கள். ஆட்களை அப்படி விட்டுக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு வாசலில் மாட்டிக்கொள்ள அடையாளப் பலகை கொடுக்கிறார்கள். அங்கும் இளைஞர்கள் குறைந்து எண்ணிக்கை சரிந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் மாநிலத்தில் தீயணைப்பு அரசுத் துறை. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-இன்படி நடக்கிறது. ஊருக்கு ஊர் சொந்த வண்டியும் குழாயும் வைத்திருக்கும் தொண்டர் படை நம்மிடம் இல்லை. அது வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை; வண்டி வாங்கினால் அதற்கு டிரைவர், டீசல், பழுது என்று இரண்டே வருடத்தில் வெயிலில் நின்று துருப்பிடிக்கும். ஆனால் சேர்ந்து உழைக்க விரும்புகிறவர்களுக்கு வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, ஊர்க்காவல் படை. 1946 டிசம்பரில் பம்பாயில் தொடங்கியது. நம் மாவட்டங்களில் காவல் துறையின் கீழ் நடக்கிறது. ஆள் எடுக்கும்போது அறிவிப்பு வரும். இன்னொன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம். 2021-க்குப் பிறகு அதை நாடு முழுவதும் 350 மாவட்டங்களுக்கு விரித்து ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி, ஒரு பை நிறைய மீட்புச் சாமான், மூன்று வருட இன்ஷூரன்ஸ். அதன் தொடர்ச்சியாக, என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு யுவ ஆப்த மித்ரா என்று வந்திருக்கிறது. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருப்பவர்கள் விசாரிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேட்டால் எந்தப் பயிற்சி எப்போது என்று சொல்வார்கள்.

மிகவும் எளிய வழி, நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் நிலைய அலுவலரைப் பார்ப்பதுதான். எங்கள் ஊருக்கு வந்து செய்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் வருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் என்று அவர்களே ஊர் ஊராகச் செய்து காட்டுவார்கள். அந்தத் தேதிக்குக் காரணம் நம் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றில் பருத்திப் பேல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதே கப்பலில் வெடிமருந்தும் இருந்தது. தீ பருத்தியைத்தான் முதலில் பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் வெடியில் மாண்டார்கள். பஞ்சையும் வெடியையும் ஒரே கிட்டங்கியில் வைக்கலாமா என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் தீபாவளி சமயத்தில் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசுப் பெட்டியை எண்ணெய் டின்னுக்கு மேல் அடுக்கி வைக்கும் கடைகள் எத்தனை என்று நமக்கே தெரியும். பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு விற்பதும் அப்படியே. லிட்டருக்குப் பத்து ரூபாய் லாபத்துக்குக் கடையையே பணயம் வைக்கும் வியாபாரம் வேறெங்கும் நடக்காது.

அந்தக் கடை எரிந்த ஊரில் இப்படித்தான் ஒரு குழு அமைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவடி முன்னால் தீயணைப்பு வீரர்கள் வந்து செய்து காட்டினார்கள். அன்று நானும் போயிருந்தேன். அங்கே கற்றதில் நம் கடைகளுக்கு நேராகப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் கூடாது, மூட வேண்டும். தட்டோ, நனைத்து நன்றாகப் பிழிந்த சாக்கோ, உலர்ந்த மணலோ போதும். கரண்ட் தீயில் முதல் வேலை மெயின் சுவிட்சை இறக்குவது. அதற்கு மெயின் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம்மில் பலர் அதற்கு முன்னால் பிஸ்கட் பெட்டி அடுக்கியிருக்கிறோம். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அந்த நேரத்தில் விளக்குச் சுவிட்சைப் போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், ரயிலில் கொண்டு வரக்கூடாத கேஸ் சிலிண்டரால் 9 பேர் உயிர் போனது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

வத்தல் மூட்டை எரிந்தால் அதன் நெடியில் யாரும் உள்ளே நிற்க முடியாது. முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்பது தப்பு எண்ணம். ஈரத் துணி நெடியையும் நச்சுப் புகையையும் தடுக்காது. அதைவிட முக்கியம், சாக்கும் பஞ்சும் பருப்பு மூட்டையும் வெளியே அணைந்ததுபோல் காட்டி உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ராத்திரி எல்லோரும் போன பிறகு மறுபடி பற்றும். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, புரட்டி நனைத்து, ஆள் வைத்து விடிய விடியப் பார்க்க வேண்டும்.

தீயணைப்பு சிலிண்டர் பற்றி ஒரு வார்த்தை. ஏ.பி.சி. பவுடர் என்று சொல்லும் 6 கிலோ சிலிண்டர் சாக்கு, எண்ணெய், கரண்ட் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் முழுதும் பீய்ச்சி முடிய கால் நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய, அவ்வளவுதான். ஆகவே பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து, இடம் வலமாக வீச வேண்டும். கொழுந்தைப் பார்த்து அடித்தால் பவுடர்தான் வீண். வெளியே ஓடும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். சிலிண்டரை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, அதன் மேல் காலண்டரை மாட்டுகிற ஆள்களும் உண்டு.

குழுவின் வேலை எவ்வளவு, எது வேலை இல்லை என்பதையும் அன்று வரையறுத்தார்கள். சின்னத் தீயை அணைக்கலாம். இடுப்புக்கு மேல் போனால் விலகிவிட வேண்டும். எரிகிற கட்டடத்துக்குள் போவது தொண்டர் வேலை அல்ல. பயிற்சியும் கவசமும் உள்ளவர்களுக்கே அது ஆபத்து. 2020 தீபாவளி இரவில் மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பட்டாசு ஆலை என்றால் தொண்டர் பக்கத்திலேயே போகக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்களே, அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடியைக் கேட்டு உதவ ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள், பார்க்கப் போனவர்கள். 2022 நவம்பரில் நம் திருமங்கலம் அருகே அழகுசிறையிலும் பட்டாசு ஆலை வெடித்து உயிர்கள் போயின. அங்கே தொண்டர் செய்ய வேண்டியது கூட்டத்தைத் தூர நிறுத்துவதும் வண்டிக்கு வழி விடுவதும் மட்டுமே.

பார்க்கப்போனால் குழுவின் பெரிய வேலை தீயோடு அல்ல, வழியோடும் தண்ணீரோடும்தான். போன் செய்கிறவர் ஒருவர், அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலையே கிடையாது. ஊர், தாலுகா, எந்த மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா என்று சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது. இன்னொருவர் பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று வண்டியைக் கூட்டி வர வேண்டும். ஒருவர் தெருவில் நிற்கும் வண்டிகளை அகற்ற வேண்டும். பெரிய தீயணைப்பு வண்டியில் இருப்பது ஏறக்குறைய 4500 லிட்டர் தண்ணீர். ஒரு குழாய் நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் குடிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த தண்ணீர் எங்கே? எந்த ஊருணியில், எந்தத் தோட்டத்துப் போரில், மோட்டார் ரூம் சாவி யாரிடம், தண்ணீர் டிராக்டர் யார் வைத்திருக்கிறார்? இது எழுதி ஒட்டியிருக்க வேண்டிய இடம் மளிகைக் கடை. காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை ஊரில் திறந்திருக்கும் இடமும், எல்லோருடைய போன் நம்பரும் உள்ள இடமும் அதுதான்.

மொத்த வியாபாரிகள் செய்யக் கூடியது அதிகம் செலவுள்ளதல்ல. அந்த ஊருக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நான்கு சிலிண்டர், எட்டு மணல் வாளி, ஒரு தொரட்டி, இரண்டு டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். சிலிண்டரைத் திரும்ப நிரப்பும் செலவு வருடா வருடம் வரும். வாங்கும்போதே அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். கடைப் பையன் குழுவில் இருந்து தீக்கு ஓடினால் அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம். சனிக்கிழமைச் சந்தை நேரத்தில் செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் தள்ளிப் போட வேண்டாம். 2021 ஏப்ரல் 1 முதல் ஐந்து கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் கொடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. போட்ட தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் நஷ்டத் தொகையில் வெட்டு விழாது. நஷ்டம் கேட்கும்போது தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை கேட்பார்கள். ஆகவே நாமே அணைத்துவிட்டோமே என்று தகவல் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. தீயணைக்க வருவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

அந்த ஊர்க் குழு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். தொடங்கியபோது பன்னிரண்டு பேர். திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போனது போக இப்போது ஐந்து. ஆனால் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். பகலில் ஊரில் இருப்பது அவர்கள்தான் என்பதை ஆரம்பத்திலேயே யோசிக்காதது எங்கள் தப்பு. போன வருடம் மாசியில் ஒரு வைக்கோல் படப்பு எரிந்தபோது, எரிந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. காற்றுப் பக்கம் இருந்த மூன்று படப்புகளை நனைத்து வைத்திருந்தார்கள், வண்டியும் ஒரே தடவையில் சரியான ஊருக்கு வந்தது.

கடைக்காரத் தம்பி அதே இடத்தில் தகரம் போட்டு மறுபடி கடை திறந்து, பழைய பாக்கியை மாதம் மூவாயிரமாகக் கட்டி முடித்துவிட்டார். மெயின் சுவிட்ச் இப்போது வாசலை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட்.

வருகிற தீத்தொண்டு வாரத்துக்கு முன் தங்கள் ஊரில் பயிற்சி வைக்க விரும்பும் கடைக்காரர்கள், ஊர்ப் பெயர், போகும் வழி, அருகிலுள்ள தண்ணீர் இடம், வரக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பங்குனி பிறப்பதற்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாக நிலையத்தில் கொடுத்துவிடலாம். பெண்களின் பெயரையும் சேர்த்து எழுதவும்.